யார் சொன்னால் ஆஸ்பத்திரி கேட்கும்?

ஆஸ்பத்திரிக்குக் காது கிடையாது என்று நம்ம சனங்கள் சொல்வதுண்டு. நான் அதை ஒப்புக்கொள்வதில்லை. ஆஸ்பத்திரிக்குக் காது உண்டு. யார் பேசுகிறார்கள் என்று பார்த்துத் திறக்கிற காது அது. அதனால் 'ஏன் கேட்கவில்லை' என்று மட்டும் கேட்டால் பத்தாது. யார் சொன்னதைக் கேட்டது, யார் சொன்னதைக் கேட்கவில்லை, கேட்காததால் யார் செத்தார்கள் என்று வரிசையாகக் கேட்க வேண்டும். அப்படிக் கேட்கத் தொடங்கினால் மருத்துவத்தின் வரலாறு சாதியின் வரலாறாகவும் மாறிவிடுகிறது.

'நோயாளர் பாதுகாப்பு' என்றொரு சொல் இப்போது புழக்கத்துக்கு வந்திருக்கிறது. உலக சுகாதார நிறுவனம் 2019 முதல் செப்டம்பர் 17ஆம் தேதியை அதற்கான நாளாக வைத்திருக்கிறது. 2023ஆம் ஆண்டு அந்த நாளுக்கு வைத்த முழக்கமே நோயாளிகளின் குரலை உயர்த்த வேண்டும் என்பதுதான். வைத்தியம் பார்க்கப் போன இடத்தில் வைத்தியத்தாலேயே கேடு வருவது உலகம் முழுக்க நடக்கிறது. ஏறத்தாழ பத்தில் ஒரு நோயாளிக்கு அப்படி நேர்கிறது என்று அந்த நிறுவனமே கணக்குச் சொல்கிறது. மருந்து மாறுவது, ரத்தம் மாறுவது, கிருமி தொற்றுவது, நோயைக் காலம் தாழ்த்திக் கண்டுபிடிப்பது எல்லாம் இதில் அடக்கம். இதைக் குறைக்க நோயாளி சொல்வதைக் காது கொடுத்துக் கேளுங்கள், நடந்ததை மறைக்காமல் சொல்லுங்கள் என்கிறார்கள். நல்ல பேச்சுதான். ஆனால் 'நோயாளி' என்று பொதுவாக ஒரு ஆள் நம் நாட்டில் கிடையாது. ஊர்த்தெரு நோயாளி இருக்கிறார், காலனி நோயாளி இருக்கிறார். இரண்டு பேருக்கும் வருவது ஒரே காய்ச்சலாக இருக்கலாம். சொல்லுக்கு இருக்கிற மதிப்பு ஒன்றல்ல.

1

சென்னை திருவல்லிக்கேணியில் கஸ்தூரிபா காந்தி மருத்துவமனை இருக்கிறது. சனங்கள் இன்றைக்கும் 'கோஷா ஆஸ்பத்திரி' என்றுதான் சொல்கிறார்கள். அதைத் தொடங்கியவர் மேரி ஷார்லீப். 1875இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்து படித்த முதல் நான்கு பெண்களில் ஒருவர். 1885இல் அவர் முயற்சியில் வந்த அந்த ஆஸ்பத்திரிக்கு முதலில் வைத்த பெயர், சாதிப் பெண்களுக்கும் கோஷாப் பெண்களுக்குமான விக்டோரியா மருத்துவமனை. பெயரிலேயே சாதி இருந்தது. 1948இல்தான் கஸ்தூரிபா பெயர் வந்தது.

எழும்பூரில் 1844 முதலே பிரசவ ஆஸ்பத்திரி இருந்தது. அங்கே எல்லாச் சாதிப் பெண்களும் வருவார்கள், ஆண் மருத்துவர்கள் தொட்டுப் பார்ப்பார்கள் என்று மேல்சாதி இந்துப் பெண்களும் கோஷா முறையில் இருந்த முஸ்லிம் பெண்களும் வரத் தயங்கினார்கள். வீட்டுக்குள்ளேயே பிரசவத்தில் செத்துப்போனார்கள். அந்தத் தயக்கத்தை ஆஸ்பத்திரி காது கொடுத்துக் கேட்டது. தனிக் கட்டடம் வந்தது. பெண் மருத்துவர்கள் வந்தார்கள். பழக்கவழக்கத்துக்கு மரியாதை வந்தது. அந்தப் பெண்களுக்கு அது தேவைதான், அதில் எனக்கு வழக்கில்லை. நான் கவனிக்கச் சொல்வது வேறு. நோயாளி என்ன நினைக்கிறாள், எதற்குக் கூச்சப்படுகிறாள், எதற்குப் பயப்படுகிறாள் என்று கேட்டு, அதற்கேற்ப ஆஸ்பத்திரியை மாற்றிக்கட்ட முடியும் என்பது 1885லேயே இந்த மண்ணில் நிரூபணமாகிவிட்டது. 'எங்களுக்குக் கேட்க நேரமில்லை, வசதியில்லை' என்று இனி யாரும் சொல்ல முடியாது.

அந்தப் பெயரில் இருக்கிற 'சாதி' என்ற சொல்லையும் பாருங்கள். சாதி உள்ளவர்கள் என்றால் மதிப்புள்ளவர்கள் என்று அர்த்தம். நாம் அந்தச் சொல்லுக்கு வெளியே நின்றோம். நமக்குக் கூச்சம் உண்டா, பயம் உண்டா என்று விசாரித்து எந்தக் கட்டடமும் எழும்பவில்லை.

2

அதே ஆஸ்பத்திரி நடந்துகொண்டிருந்த காலத்தில் வடக்கே கத்தியவாரில் நடந்த ஒரு சாவை அண்ணல் அம்பேத்கர் பதிவு செய்திருக்கிறார். 'விசாவுக்காகக் காத்திருத்தல்' என்ற தன் குறிப்புகளில் அதை எடுத்து எழுதுகிறார். 1929 டிசம்பர் 12 'யங் இந்தியா' இதழில் கடிதமாக வந்த செய்தி அது. தீண்டப்படாத சாதியில் பிறந்த ஒரு பள்ளி ஆசிரியர். அவர் மனைவிக்குக் குழந்தை பிறந்து இரண்டு நாளில் உடம்பு முடியாமல் போகிறது. பேச்சு நின்றுபோய், மூச்சு வாங்குகிறது. டாக்டரைக் கூப்பிடப் போகிறார். சேரிக்கு வரமாட்டேன் என்கிறார் டாக்டர். ஊர்ப் பெரிய மனிதர்கள் சிபாரிசு செய்து, இரண்டு ரூபாய் பீஸுக்கு ஜாமீன் சொன்ன பிறகு ஒரு நிபந்தனையோடு வருகிறார். நோயாளியைச் சேரிக்கு வெளியே தூக்கிக்கொண்டு வர வேண்டும். பெற்று இரண்டே நாளான பச்சை உடம்புக்காரியை வெளியே கொண்டுவருகிறார்கள். டாக்டர் காய்ச்சல் பார்க்கும் கருவியை ஒரு முஸ்லிமிடம் கொடுக்கிறார். அவர் கணவனிடம் கொடுக்கிறார். கணவன் மனைவிக்கு வைத்துவிட்டு அதே வழியில் திருப்பிக் கொடுக்கிறார். விளக்கு வெளிச்சத்தில் அதைப் பார்த்து நிமோனியா என்று சொல்லிவிட்டு டாக்டர் போய்விடுகிறார். மருந்து மட்டும் வருகிறது. அப்புறம் கூப்பிட்டும் வரவில்லை. அந்தப் பெண் செத்துப்போகிறாள்.

இந்தச் சாவைத் தீண்டாமைக் கொடுமை என்று மட்டும் படித்துவிட்டுப் போகிறோம். மருத்துவமாகவும் படிக்க வேண்டும். 1816இல் பிரான்சு நாட்டில் லைனெக் என்ற மருத்துவர் ஸ்டெதாஸ்கோப்பைக் கண்டுபிடித்தார். ஒரு பெண் நோயாளியின் நெஞ்சில் நேரடியாகக் காதை வைக்கக் கூச்சப்பட்டுக் காகிதத்தைச் சுருட்டி வைத்துக் கேட்டார். அதிலிருந்து வந்த கருவி அது. நெஞ்சுநோய்க்கு முதல் வைத்தியமே காதால் கேட்பதுதான். கத்தியவார் டாக்டர் மூச்சு வாங்குகிற ஒரு பெண்ணின் நெஞ்சை இந்தக் காதாலும் கேட்கவில்லை, அந்தக் கருவியாலும் கேட்கவில்லை. மூன்று கை மாறி வந்த ஒரு பாதரசக் கோட்டை மட்டும் பார்த்தார். இன்றைய பாஷையில் சொன்னால் பரிசோதனை முழுமையாகவில்லை, தொடர்கவனிப்பு இல்லை. இரண்டுக்கும் காரணம் சாதி.

இன்னொன்றும் அங்கே இருக்கிறது. அந்த ஆசிரியரின் பெயரும் இல்லை, டாக்டரின் பெயரும் இல்லை. பழிவாங்குவார்கள் என்ற பயத்தால் பெயர் வெளியிடப்படவில்லை என்கிறார் அம்பேத்கர். பெண்டாட்டியைப் பறிகொடுத்தவன் கொன்றவன் பெயரைச் சொல்லப் பயப்படுகிறான். 'தப்பு நடந்தால் புகார் கொடுங்கள்' என்று சுவரில் எழுதி வைக்கிற நிர்வாகங்கள் இந்தப் பயத்தைத்தான் முதலில் யோசிக்க வேண்டும்.

3

நோயாளி சொல்வதைக் கேட்பது பண்பாடு, பெருந்தன்மை என்றெல்லாம் பேசுகிறார்கள். அது அறிவியல். இதற்கு ஐரோப்பாவின் வரலாற்றிலிருந்தே ஒரு சாட்சி எடுக்கலாம். 1840களில் வியன்னா பொது மருத்துவமனையில் இரண்டு பிரசவப் பிரிவுகள் இருந்தன. முதல் பிரிவில் டாக்டர்களும் மருத்துவ மாணவர்களும் பார்த்தார்கள். இரண்டாவது பிரிவில் மருத்துவச்சிகள் பார்த்தார்கள். முதல் பிரிவில் பிள்ளைபெற்ற ஜுரத்தில் பெண்கள் கூட்டங்கூட்டமாகச் செத்தார்கள். அங்கே வந்தவர்கள் பெரும்பாலும் ஏழைப் பெண்கள். முதல் பிரிவுக்கு அனுப்பாதீர்கள் என்று மண்டியிட்டு அழுதார்கள். சிலர் தெருவிலேயே பெற்றெடுப்பது மேல் என்று இருந்தார்கள்.

படித்தவர்கள் என்ன காரணம் சொன்னார்கள்? காற்று கெட்டுவிட்டது, பருவநிலை சரியில்லை, பெண்கள் பயந்துபோய் ஜுரம் வரவழைத்துக்கொள்கிறார்கள் என்றார்கள். அந்தப் பெண்களின் பயம் ஒரு அறிவு. எந்தக் கதவு வழியாகப் போனால் பிணமாக வருவோம் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. அந்த அறிவை நோய்க்குக் காரணமாக மாற்றிவிட்டார்கள். செம்மல்வைஸ் என்ற இளம் மருத்துவர் இரண்டு பிரிவுகளுக்கும் உள்ள வித்தியாசத்தைப் பிடித்துக்கொண்டார். பிணத்தை அறுத்த கையோடு மாணவர்கள் பிரசவம் பார்க்க வருவதைக் கண்டார். 1847 மே மாதம் குளோரின் கரைசலில் கை கழுவச் சொன்னார். அந்த ஏப்ரலில் நூற்றுக்குப் பதினெட்டாக இருந்த சாவு ஜூலையில் நூற்றுக்கு ஒன்று அளவுக்கு இறங்கியது. மூத்த மருத்துவர்கள் அவர் பேச்சையும் லேசில் ஏற்கவில்லை. டாக்டரின் கை அசுத்தமாக இருக்க முடியும் என்பதை அவர்களால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. சுத்தம் அசுத்தம் என்பதை வைத்து யாரை ஒதுக்குவார்கள் என்று நமக்குத் தெரியாதா என்ன.

4

எங்கள் பக்கம் வெள்ளாற்றங்கரை. சேத்தியாத்தோப்பு அணைக்கட்டு, சர்க்கரை ஆலை, கரும்பு, நெல். காலனியில் பாதிப்பேர் கரும்பு வெட்டப் போவார்கள், பெண்கள் நடவுக்கும் களையெடுக்கவும் போவார்கள். நோய் வந்தால் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையம், அதற்கு மேலே சிதம்பரம், கடலூர், கடைசியாகப் புதுச்சேரி ஜிப்மர். கூட்டங்களுக்குப் போகிற வீடுகளில் ஆஸ்பத்திரிக் கதைகளைக் கேட்டு எழுதி வைப்பது எனக்குப் பழக்கம். எந்த ஆஸ்பத்திரி என்று பெயர் போட்டு எழுத அவர்கள் விடமாட்டார்கள். அதே கத்தியவார் பயம்தான்.

என் சின்னம்மா சொன்னது: "காலையிலேருந்து வயித்துல புள்ள அசையலன்னு மூணு தரம் சொன்னேன். நீ டாக்டரா நான் டாக்டரான்னு கேட்டாங்க. ராத்திரி வந்து பாத்தப்ப புள்ள இல்ல." அதற்கு மேல் அவர் எதுவும் சொல்லவில்லை. முப்பது வருசமாக அதே நாலு வாக்கியம்தான்.

கரும்பு வெட்டுகிற ஒரு அண்ணன் சொன்னார்: "என்னா மாத்திரை, எதுக்குன்னு கேட்டேன். குடுத்தத முழுங்குன்னாங்க. வீட்டுக்கு வந்து பாத்தா ரெண்டு சீட்டுலயும் ஒரே மாத்திரை. ரெட்டிப்பா முழுங்கிக் கெறங்கி விழுந்தன்."

ஒரு ஆயா சொன்னது: "கேள்வி கேட்டா ஊசிய வலிக்கறாப்ல போடுவாங்க தம்பி. வாய மூடிக்கினு இருந்துட்டா நல்லா பாப்பாங்க."

அந்த ஆயாவின் பேச்சில் ஒரு முழுப் பண்ணையடிமை வரலாறு இருக்கிறது. ஆண்டை முன்னால் வாய் திறக்காமல் இருந்தால் கூலி கிடைக்கும் என்று களத்துமேட்டில் கற்ற மௌனம் வார்டு வரைக்கும் வருகிறது. அதைப் பார்த்து 'இவங்களுக்கு எதுவும் சொல்லத் தெரியாது' என்று முடிவு கட்டுகிறார்கள்.

நான் தமிழ் எம்.ஏ. படித்திருக்கிறேன். இலக்கணத்தில் ஏவல் வினை என்று படித்ததை ஆஸ்பத்திரியில்தான் முழுசாகப் புரிந்துகொண்டேன். வா, போ, படு, நாக்கைக் காட்டு, முழுங்கு, அங்க நில்லு. இத்தனையும் ஏவல். அறுபது வயசுக் கிழவிக்கும் அதே ஏவல். அடுத்த கட்டிலில் ஊர்த்தெரு ஆள் படுத்திருந்தால் 'வாங்க, உக்காருங்க, எப்படி இருக்கு' என்று வினை மாறுகிறது. கேள்வி வாக்கியம் அங்கேதான் பிறக்கிறது. 'எப்படி இருக்கு' என்ற கேள்வியைக் கேட்காமல் எந்த நோயைக் கண்டுபிடிக்க முடியும்? வள்ளுவர் மருத்துவத்தை நான்கு கூறாகப் பிரித்தபோது நோயுற்றவனைத்தான் முதலில் வைத்தார், மருத்துவனை இரண்டாவதாக வைத்தார். குறளைச் சுவரில் எழுதிவிட்டு வரிசையை மாற்றிவிட்டார்கள்.

சட்டம் இல்லையா என்றால், இருக்கிறது. 1955ஆம் ஆண்டு குடியுரிமைப் பாதுகாப்புச் சட்டத்தின் 5ஆவது பிரிவு தீண்டாமை காரணமாக ஆஸ்பத்திரியில் சேர்க்க மறுப்பதையும், சேர்த்த பிறகு பாகுபாடு காட்டுவதையும் குற்றம் என்கிறது. எங்களுக்குப் பக்கத்துக் காட்டுமன்னார்கோயில்காரர் எல். இளையபெருமாள். 1965இல் மத்திய அரசு அமைத்த தீண்டாமை பற்றிய குழுவுக்கு அவர்தான் தலைவர். நாடு முழுக்கச் சுற்றி, சனங்கள் சொன்னதைக் கேட்டு 1969இல் அறிக்கை கொடுத்தார். அதன் பிறகுதான் 1976இல் அந்தச் சட்டம் திருத்திக் கடுமையாக்கப்பட்டது. ஒரு அரசாங்கக் குழு நம் சனங்களின் வாய்மொழியைச் சாட்சியமாக எடுத்துக்கொண்டால் சட்டம் வரை போக முடியும் என்பதற்கு அது உதாரணம். ஆனால் சேர்க்க மறுத்தால் வழக்குப் போடலாம். மூன்று தரம் சொல்லியும் காதில் வாங்கவில்லை என்பதை எந்த ஸ்டேஷனில் போய் எழுதிக்கொடுப்பது?

நுகர்வோர் நீதிமன்றம் இருக்கிறதே என்பார்கள். டாக்டர்களின் சேவை நுகர்வோர் சட்டத்துக்குள் வருமா என்று ஒரு பெரிய வழக்கு நடந்தது. வராது என்று சென்னை உயர்நீதிமன்றம் சொன்னதை மாற்றி, 1995 நவம்பரில் உச்ச நீதிமன்றம் வரும் என்றது. நல்ல தீர்ப்பு. ஆனால் எல்லோருக்கும் இலவசமாக வைத்தியம் பார்க்கிற ஆஸ்பத்திரி அதற்குள் வராது என்றும் அதே தீர்ப்பு சொன்னது. காசு கொடுத்தவன் நுகர்வோன். தர்ம ஆஸ்பத்திரிக்குப் போகிறவன் நுகர்வோன் இல்லை. அவனுக்கு ரிட் மனுவும் சிவில் வழக்கும் உண்டு என்று வக்கீல்கள் சொல்வார்கள். கரும்பு வெட்டுகிறவன் உயர்நீதிமன்றம் போகிற கதை நமக்குத் தெரியும்.

5

நியாயமாக ஒன்றைச் சொல்ல வேண்டும். கேட்பதை ஒரு முறையாகவே ஆக்கிய மாநிலமும் தமிழ்நாடுதான். 1994 முதல் இங்கே பிரசவத்தில் இறக்கும் ஒவ்வொரு தாயின் சாவையும் தணிக்கை செய்யத் தொடங்கினார்கள். 2004இல் அதைக் கட்டாயமாக்கினார்கள். ஒரு தாய் இறந்தால் விசாரணைக் குழு வீட்டுக்கே போகும். வலி எப்போது வந்தது, யாரிடம் சொன்னாள், வண்டி எப்போது வந்தது, எந்த ஆஸ்பத்திரியில் எவ்வளவு நேரம் காத்திருந்தாள் என்று உறவினர்களிடம் கேட்டு எழுதும். செத்தவளின் கதையை அவள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து அரசாங்கம் கேட்கிறது என்பது சின்ன விஷயமில்லை. அப்படிக் கேட்டதில்தான் எங்கே ரத்தம் இல்லை, எங்கே இரவில் ஆள் இல்லை, எங்கே அனுப்பி வைப்பதில் தாமதம் என்பதெல்லாம் வெளியே வந்தது. ஆரம்ப சுகாதார நிலையங்களில் 24 மணி நேரமும் செவிலியர்கள் வந்தார்கள். பிரசவ அறையில் கூட ஒரு பெண்துணை இருக்கலாம் என்று 2004 முதல் அரசு ஆஸ்பத்திரிகளில் அனுமதித்தார்கள். அந்தத் துணை வெறும் ஆறுதலுக்கு மட்டும் இல்லை. கட்டிலில் கிடக்கிறவள் சொன்னது காதில் விழாதபோது எழுந்து போய்ச் சொல்ல ஒரு வாய் அது. 2018-20 கணக்குப்படி லட்சம் பிரசவத்துக்கு இந்தியாவில் 97 தாய்மார்கள் இறந்தபோது தமிழ்நாட்டில் 54. கேட்டால் சாவு குறையும் என்பதற்கு நம் மண்ணிலேயே கணக்கு இருக்கிறது.

ஆனால் அந்தக் கேட்பதிலும் ஒரு பாதிதான் இருக்கிறது. 2010இல் மத்திய அரசு இதை நாடு முழுவதற்கும் வழிகாட்டி நெறியாக வெளியிட்டது. அதன்படி மாவட்ட ஆட்சியர் தலைமையில் கூட்டம் நடக்கும். இறந்தவளின் உறவினர்களை அழைப்பார்கள். நடந்ததை அவர்கள் முதலில் சொல்ல வேண்டும். சொல்லி முடித்ததும் அவர்களை அனுப்பிவிட வேண்டும். அதற்குப் பிறகுதான் டாக்டர்களும் அதிகாரிகளும் விவாதிப்பார்கள். யாரையும் தண்டிப்பதற்காக இல்லை, திருத்திக்கொள்வதற்காக என்பது அதன் கொள்கை. தண்டிப்பார்கள் என்றால் யாரும் உண்மை பேசமாட்டார்கள் என்ற வாதம் எனக்குப் புரிகிறது. ஆனால் சொன்னவர்களுக்குப் பதில் யார் சொல்வது? பெண்ணைப் பறிகொடுத்த தாய் கலெக்டர் ஆபீஸ் வரை வந்து எல்லாவற்றையும் சொல்லிவிட்டு, கதவுக்கு வெளியே நிற்கிறாள். உள்ளே அவள் மகள் ஏன் செத்தாள் என்று பேசுகிறார்கள். அவளிடம் விஷயத்தை வாங்கிக்கொள்கிறார்கள், விளக்கம் மட்டும் அவளுக்குப் போவதில்லை. சேரியிலிருந்து உழைப்பை எடுத்துக்கொண்டு நெல்லைத் தராத பழைய கணக்கு இதிலும் தொடர்கிறது.

சொல்லாமல் விடுவதும் கொல்லும் என்பதற்குப் பக்கத்து உதாரணம் சாத்தூர். 2018 டிசம்பரில் சாத்தூர் அரசு மருத்துவமனையில் ஒரு கர்ப்பிணிப் பெண்ணுக்கு எச்.ஐ.வி. கிருமி உள்ள ரத்தம் ஏற்றப்பட்டது. ரத்தம் வந்தது சிவகாசி அரசு ரத்த வங்கியிலிருந்து. கொடுத்த இளைஞர் 2016லேயே ஒரு முறை ரத்தம் கொடுத்திருந்தார். அப்போதே கிருமி இருப்பது பரிசோதனையில் தெரிந்திருக்கிறது. அந்தச் செய்தி அவரைச் சேரவில்லை. 2018இல் வெளிநாட்டு வேலைக்காகப் பரிசோதனை செய்தபோதுதான் அவருக்கே தெரிந்தது. தெரிந்ததும் ஓடிவந்து தன் ரத்தத்தை யாருக்கும் ஏற்றாதீர்கள் என்று சொன்னார். அதற்குள் ஏற்றியாகிவிட்டது. அந்த இளைஞர் மனமுடைந்து நஞ்சருந்தி அந்த மாதக் கடைசியில் இறந்துபோனார். ஆய்வகப் பணியாளர்கள் சிலர் மீது நடவடிக்கை எடுத்தார்கள். இந்தக் கதை முழுவதிலும் மறைக்காமல், கேட்காமலே வந்து உண்மையைச் சொன்ன ஒரே ஆள் அந்த இளைஞர்தான். இரண்டு வருசம் ஒரு தாளில் கிடந்த உண்மை அவர் வீட்டுக்குப் போயிருந்தால் இரண்டு உயிர்களின் கதையே வேறாக இருந்திருக்கும்.

கறுப்பின மக்களின் வரலாற்றைப் படித்தவர்களுக்கு டஸ்கீகி ஞாபகம் வரும். அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் 1932 முதல் 1972 வரை, வாரத்துக்கு உழுது பிழைத்த ஏழைக் கறுப்பர்கள் 399 பேருக்கு மேகநோய் இருப்பதை அரசு மருத்துவர்கள் அவர்களிடம் சொல்லவேயில்லை. 'கெட்ட ரத்தம்' என்றார்கள். பென்சிலின் வந்த பிறகும் கொடுக்காமல், நோய் எப்படி வளர்கிறது என்று நாற்பது வருசம் வேடிக்கை பார்த்தார்கள். 1997இல்தான் ஜனாதிபதி மன்னிப்புக் கேட்டார். சாத்தூரில் நடந்தது அலட்சியம், டஸ்கீகியில் நடந்தது திட்டம். இரண்டும் ஒன்றல்ல. ஆனால் இன்னாருக்கு உண்மையைச் சொல்லியே ஆக வேண்டும் என்ற கட்டாயம் இல்லாத இடத்தில்தான் இரண்டுமே நடக்க முடிந்தது.

6

மேலேயிருந்து கேட்பார்கள் என்று காத்திராமல், கீழேயிருந்து பேசக் கற்ற வரலாறும் நமக்கு இருக்கிறது. 1981இல் செங்கல்பட்டுப் பக்கத்துக் கிராமங்களைச் சேர்ந்த தலித் பெண்கள் சிலர், டி.கே. சுந்தரி ரவீந்திரனோடு சேர்ந்து ஊரகப் பெண்களுக்கான சமூகக் கல்வி மையம் ஒன்றைத் தொடங்கினார்கள். ஆங்கில எழுத்துகளைச் சேர்த்து ரூவ்செக் என்பார்கள். கூலி வேலைக்குப் போகிற பெண்கள் சாயங்காலம் உட்கார்ந்து தங்கள் உடம்பைப் பற்றிப் பேசினார்கள். வெள்ளைப்படுதல், அடியிறங்குதல், கருத்தடை, புருசன் அடி எல்லாவற்றையும் வெளியே சொன்னார்கள். அந்தச் சேரிகளிலிருந்தே சுகாதாரப் பணியாளர்கள் உருவானார்கள். பிறகு தங்களுக்கென்று ஒரு சிறிய மருத்துவமனையும் வைத்தார்கள். அவர்கள் கற்றுக்கொடுத்தது இதுதான்: வார்டில் வாய் திறக்க வேண்டுமென்றால் அதற்கு முன்னால் தெருவில் வாய் திறந்து பழகியிருக்க வேண்டும். தனி ஆளாகக் கேட்டால் திமிர் என்பார்கள், பத்துப் பேர் சேர்ந்து கேட்டால் விவரம் சொல்வார்கள்.

ஆஸ்பத்திரிக்கு உள்ளேயும் நம் சனங்கள் இருக்கிறார்கள் என்பதை மறந்துவிடக்கூடாது. கூட்டுகிறவர்கள், கழுவுகிறவர்கள், பிணம் தள்ளுகிறவர்கள் பெரும்பாலும் நம்மவர்கள், அதுவும் ஒப்பந்தக் கூலிக்கு. எந்தக் கட்டிலில் குளுக்கோஸ் பாட்டில் தீர்ந்துபோய்க் கிடக்கிறது, யார் ராத்திரி முழுக்க முனகினார்கள் என்று முதலில் பார்ப்பது அவர்கள் கண்தான். அவர்கள் போய்ச் சொன்னால் 'உன் வேலையைப் பாரு'. செவிலியர்கள் நிலையும் முழுக்க வேறல்ல. 2015இல் மாதம் 7,700 ரூபாய் தொகுப்பூதியத்தில் ஆயிரக்கணக்கான செவிலியர்களை எடுத்தார்கள். நாளைக்கு வேலை இருக்குமா என்று தெரியாத பெண் பெரிய டாக்டரின் தப்பை எப்படிச் சுட்டிக்காட்டுவார்? தனக்கு மேலே பேச முடியாதவர் தனக்குக் கீழே கத்துகிறார். சாதியும் இப்படிப் படிக்கட்டாகத்தான் வேலை செய்கிறது.

பேச்சு அறுந்துபோன இடத்தில் கத்தி வருகிறது. 2024 நவம்பரில் சென்னை கிண்டி அரசு மருத்துவமனையில் புற்றுநோய் மருத்துவர் ஒருவரை ஒரு நோயாளியின் மகன் குத்தினார். அம்மாவுக்குக் கொடுத்த வைத்தியம் பற்றி அவருக்குக் குறை இருந்தது. எந்தக் குறையும் கத்தியை நியாயப்படுத்தாது. அதைக் கண்டிக்காமல் நோயாளியின் உரிமையைப் பற்றிப் பேச நமக்கு யோக்கியதை இல்லை. மருத்துவப் பணியாளர்களைத் தாக்கினால் தண்டிக்கத் தமிழ்நாட்டில் 2008 முதல் தனிச்சட்டம் இருக்கிறது. இருக்கட்டும். அந்தச் சட்டத்துக்கு ஜோடியாக இன்னொரு சட்டம் வேண்டும் என்பதுதான் நம் கோரிக்கை.

இங்கிலாந்தில் ஸ்டாஃபோர்டு மருத்துவமனையில் கவனிப்பில்லாமல் நோயாளிகள் இறந்ததை உறவினர்கள் வருசக்கணக்காகச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். பெரிய விசாரணை நடந்து 2013இல் அறிக்கை வந்தது. 2014 நவம்பர் முதல் அங்கே அரசு மருத்துவமனைகளுக்கு ஒளிக்காமல் சொல்லும் கடமை சட்டமாகவே ஆனது. வைத்தியத்தில் கேடு நேர்ந்தால் நோயாளியிடம் அல்லது குடும்பத்திடம் ஆஸ்பத்திரியே போய் நடந்ததைச் சொல்ல வேண்டும், மன்னிப்புக் கேட்க வேண்டும், எழுத்திலும் கொடுக்க வேண்டும். நம் நாட்டில் தேசிய மனித உரிமை ஆணையம் 2018இல் நோயாளர் உரிமைச் சாசனம் ஒன்றைத் தயாரித்தது. 17 உரிமைகள். தகவல் பெறும் உரிமை, விளக்கமறிந்து சம்மதிக்கும் உரிமை, பாகுபாடில்லாத வைத்தியம், குறை சொல்லும் உரிமை எல்லாம் அதில் இருக்கின்றன. மத்திய சுகாதாரத் துறை அதை மாநிலங்களுக்கு அனுப்பியது. அனுப்பினால் சுவரில் ஒட்டுவார்கள். சுவரில் ஒட்டியதைக் காட்டிக் கைநாட்டு ஆயா யாரிடம் சண்டை போடுவாள்?

ஆகவே நாம் கேட்க வேண்டியதைத் தெளிவாகக் கேட்போம். தாய்மார் மரணத் தணிக்கையில் கண்டுபிடித்ததை அந்தக் குடும்பத்துக்குத் தமிழில், எழுத்தில், நேரில் சொல்ல வேண்டும். இறந்தவர்களின் கணக்கைச் சாதிவாரியாக வெளியிட வேண்டும், காலனிகளில் எத்தனை பேர் என்று நாட்டுக்குத் தெரிய வேண்டும். அரசு ஆஸ்பத்திரிகளின் நோயாளர் நலச் சங்கங்களில் காலனிப் பெண்களும் துப்புரவுப் பணியாளர்களும் உட்கார வேண்டும். தப்பைச் சுட்டிக்காட்டுகிற கடைநிலை ஊழியருக்கு வேலைப் பாதுகாப்பு வேண்டும். கேடு நேர்ந்தால் மறைக்காமல் சொல்லும் கடமை இலவச ஆஸ்பத்திரிக்கும் சேர்த்துச் சட்டமாக வேண்டும். மருத்துவக் கல்லூரியில் பிணத்தை அறுக்கக் கற்றுக்கொடுப்பதோடு, கத்தியவாரில் அந்தத் தாய் எப்படிச் செத்தாள் என்பதையும் ஒரு பாடமாக வைக்க வேண்டும்.

இவை வருகிற வரைக்கும் சும்மா இருக்க வேண்டியதில்லை. ஒவ்வொரு காலனியிலும் படித்த பிள்ளைகள் இருக்கிறார்கள். ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்களோடு கூடப் போங்கள். என்ன மாத்திரை, எதற்கு, எத்தனை வேளை என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். கைநாட்டு வைக்கிற தாளைப் படித்துக் காட்டச் சொல்லுங்கள். சாவு விழுந்தால் தேதி, நேரம், யாரிடம் என்ன சொன்னோம் என்று நோட்டுப் போட்டு எழுதுங்கள். இளையபெருமாள் ஊர் ஊராகப் போய்க் கேட்டுச் சேர்த்த சாட்சியத்தை இனி நாம்தான் தெருத்தெருவாகச் சேர்க்க வேண்டும். எழுதி வைத்ததை யாரும் 'உனக்கு என்ன தெரியும்' என்று கேட்டு அழித்துவிட முடியாது.